‘டேக் டவுன்’ என்றால் எழுதிக்கொள்வதா, அழித்துவிடுவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாலம்_தாண்டும்_பஸ் (புக்கிட் மெர்தாஜாம்)

எல்லாருக்கும் வணக்கம். ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், உதிரிப்பாக ஸ்டோரில் வேலை. 16 வருடம் ஆகிறது, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட்தான். தமிழ்ப்பள்ளியில் 6 வருடம், புகுமுக வகுப்பு 1 வருடம், அப்புறம் ஐந்தாம் படிவம் வரை எல்லாம் மலாயில். ஆங்கிலம் படித்தால் புரியும், பதிலும் எழுதுவேன். இத்தனை வருடம் அதனால் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

எங்கள் ஸ்டோரில் ஈரம் ஆகாத சில்லுகளை வைக்க 12 டிரை கேபினெட் இருக்கின்றன. உள்ளே ஈரப்பதம் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சில்லு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சால்டர் செய்யும் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, சில்லு உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டுப்போகும். அதனால் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை 12 பெட்டியின் அளவையும் பார்த்து வெண்பலகையில் எழுதுவோம். ஓர் இரவுக்கு 72 எண்கள்.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை 5 மணிக்குப் புது இன்ஜினியரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. ‘ப்ளீஸ் டேக் டவுன் ஆல் த ரீடிங்ஸ் ஆன் த போர்டு பிஃபோர் யூ லீவ்.’ அன்றைக்குக் காலையில் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள். அதற்கு முந்தின வாரம்தான் அதே ஆள் ‘டேக் டவுன் த ஓல்டு போஸ்டர்ஸ்’ என்றார், சுவரிலிருந்த பழைய போஸ்டர்களை எல்லாம் நான்தான் கழற்றினேன். அதே சொல் என்பதால், ஆடிட்டர் வரும்போது பலகை சுத்தமாக இருக்க வேண்டுமாக்கும் என்று நினைத்துத் துணியை எடுத்துத் துடைத்துவிட்டேன். 72 எண்களும் போயின.

அவர் கேட்டது பலகையில் உள்ளதை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லி.

விளக்கக் கடிதம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் ஒருவர், “இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தைதானே” என்றார். அன்று பஸ்ஸில் வரும்போது பாலம் முழுக்க அதே நினைப்புதான். அது சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த வார்த்தை இல்லை என்று எனக்கு உறுதியாகப் படுகிறது. ஒரே சொல் ‘பத்திரமாக எழுதி வை’ என்றும் ‘இல்லாமல் ஆக்கு’ என்றும் பொருள் தந்தால், அதைக் குழப்பமான சொல் என்று ஒத்துக்கொள்ள வேண்டாமா?

அதற்குப் பிறகு புத்தகக் கடையில் ஒரு சின்னப் புத்தகம் வாங்கினேன். ‘டேக்’ கீழே மட்டும் இரண்டு பக்கம் இருக்கிறது. டேக் ஆஃப், டேக் இன், டேக் ஆன், டேக் ஓவர், டேக் அப், டேக் ஆஃப்டர், டேக் டு. ‘டேக் இன்’ என்பதற்கு மட்டும் ஆளுக்கு அடைக்கலம் கொடுப்பது, ஏமாற்றுவது, சொன்னதைப் புரிந்துகொள்வது, உடுப்பை இறுக்குவது என்று நாலு பொருள் போட்டிருக்கிறார்கள். 20 வரை மனப்பாடம் செய்தேன். மறுநாள் இரவே ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

என் கேள்வி இரண்டு. ஒரு சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள் வந்தது? மனப்பாடம் செய்யாமல் இதைப் பிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா?

ஓய்வுபெற்ற_டீச்சர் (பட்டர்வொர்த்)

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்கிறேன். உங்கள்மேல் தப்பில்லை. பலகையில் எண்கள் இருக்கும்போது ‘டேக் டவுன்’ என்றால் இரண்டு விதமாகவும் எடுக்கலாம். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவரும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் யோசிப்பார். ‘காப்பி’ என்றோ ‘ரெக்கார்ட்’ என்றோ எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை. எழுதியவர்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

33 வருடம் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் நீளமான சொல்லைக் கண்டு பயப்படவே மாட்டார்கள், அதை அகராதியில் பார்த்துக்கொள்வார்கள். டேக், கெட், புட், செட், ரன் மாதிரி மூன்று நாலு எழுத்துச் சொற்கள்தான் அவர்களைக் கவிழ்த்தன. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற ஒரு வினைக்கு மட்டும் 400க்கு மேற்பட்ட பொருள். பிறகு திருத்தும்போது ‘ரன்’ அதைத் தாண்டி 600க்கு மேல் போனது. எவ்வளவு சின்னச் சொல்லோ அவ்வளவு வேலை அதன் தலையில்.

எப்படி வந்தது என்று கேட்டீர்கள். ‘டேக்’ பிறப்பிலேயே ஆங்கிலச் சொல் கிடையாது. ஏறக்குறைய 1,000 வருடத்துக்கு முன்னால் வடக்கிலிருந்து கப்பலில் போய் இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் சொல், ‘தாக்கா’. அதற்கு முன் ஆங்கிலேயர்கள் ‘நிமன்’ என்றார்கள். வந்த சொல் இருந்த சொல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துரத்திவிட்டது. ஜெர்மன்காரர்கள் இன்றும் ‘நேமன்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பழைய சொல்லின் மிச்சம் ‘நம்ப்’ என்பதில் இருக்கிறது. கை மரத்துப்போனால் சொல்வோமே, அது. உணர்ச்சி ‘எடுக்கப்பட்டுவிட்ட’ கை என்று அர்த்தம். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. இது உங்கள் வேலைக்கு உதவாது, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது வழி. ‘டேக்’ கீழே பட்டியல் போடாதீர்கள். பின்னால் வரும் சின்னச் சொல்லின் கீழே போடுங்கள். ஒரு பக்கத்தில் ‘டவுன்’ என்று தலைப்பு எழுதுங்கள். ரைட் டவுன், நோட் டவுன், புட் டவுன், டேக் டவுன். எல்லாவற்றிலும் காற்றிலோ கண்ணிலோ இருப்பது தாளில் இறங்கி உட்காருகிறது. அதற்குக் கீழே கோடு போட்டு புல் டவுன், டேர் டவுன், மறுபடியும் டேக் டவுன். இங்கே மேலே இருக்கும் பொருளே கீழே வந்துவிடுகிறது. போஸ்டர், திரை, கூடாரம் என்றால் பொருள் இறங்குகிறது. பெயர், முகவரி, கார் நம்பர் என்றால் தாளில் இறங்குகிறது. உங்களுக்கு வந்தது இரண்டும் பொருந்தும் இடம். அப்படி வந்தால் கேட்டுவிடுங்கள், கேட்பதில் ஒரு குறைவும் இல்லை.

‘ஆஃப்’ எல்லாம் ஒட்டியிருப்பது பிரிவது. சப்பாத்து காலிலிருந்து, லேபிள் டப்பாவிலிருந்து, விமானம் தரையிலிருந்து, நாம் ஒரு நாள் வேலையிலிருந்து. ‘ஓவர்’ என்றால் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தாண்டுவது, ஷிஃப்ட் மாறும்போது நீங்கள் தினமும் செய்வது அதுதான். இன்னொன்று: அந்தச் சின்னச் சொல் வாக்கியத்தின் கடைசிக்கும் ஓடிப்போகும். ‘டேக் த லேபிள்ஸ் ஆஃப்’ என்பார்கள். அதனால் ‘டேக்’ பார்த்ததும் நிற்காமல் முற்றுப்புள்ளி வரை போய்த் தேடுங்கள்.

மருந்து_கவுண்டர் (செந்தூல்)

அக்கா, நானும் ‘டேக்’கில் ஒரு தடவை பயந்துபோனவள்தான்.

கிளினிக்கில் மருந்து கொடுக்கும் வேலை. லேபிளில் எல்லாவற்றுக்கும் ‘டேக்’ என்றே வரும். நாம் தமிழில் “சாப்பிடுங்கள்” என்போம். மலாயில் ‘மாக்கான் உபாட்’, அங்கேயும் சாப்பாடுதான். ஆங்கிலத்தில் ‘ஈட் மெடிசின்’ என்று நம்ம ஊரில் பலர் சொல்வதும் இதனால்தான். பல வருடத்துக்கு முன் வேறொரு கிளினிக்கில் வேலை பார்த்தேன். ஒரு தாத்தாவுக்கு மூச்சிரைப்புக்குக் கேப்சூல் கொடுத்தோம். அது கருவியில் போட்டு உறிஞ்சுவது. நான் அவசரத்தில் “தினம் ஒன்று சாப்பிடுங்க தாத்தா” என்றுவிட்டேன். அவர் தினமும் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த வாரம் “இழுப்பு குறையவே இல்லையே அம்மா” என்று வந்து நின்றபோதுதான் தெரிந்தது. நல்லவேளை வேறு ஆபத்து ஒன்றும் ஆகவில்லை.

அதிலிருந்து நான் ‘டேக்’ என்பதை அப்படியே மொழிபெயர்ப்பதே கிடையாது. என்ன செய்ய வேண்டுமோ அதைச் சொல்வேன். விழுங்குங்கள், உறிஞ்சுங்கள், நாக்குக்கு அடியில் வையுங்கள். ஆங்கிலம் ஒரே சொல்லில் மூடி வைத்திருப்பதை நாம் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பிளவுஸ்_அக்கா (ஜார்ஜ்டவுன்)

‘டேக் இன்’ மட்டும் நான் சொல்கிறேன், என் தொழில் அது. லிட்டில் இந்தியா பக்கம் 20 வருடமாகத் தைக்கிறேன். சீனப் பெண்கள் பாஜு குரோங்கை (மலாய்ப் பெண்களின் நீள உடுப்பு) கொண்டு வந்து ‘டேக் இன் த வேஸ்ட்’ என்பார்கள். நம்மவர்கள் “இடுப்பில் ஒரு இன்ச் பிடிக்கணும் அக்கா” என்பார்கள். ஆங்கிலத்தில் உள்ளே எடுக்கிறோம், தமிழில் பிடிக்கிறோம். எதிர்ச்சொல் ‘லெட் அவுட்’, தமிழில் ‘பிரித்து விடணும்’. ‘டேக் அப்’ என்றால் நீளத்தைக் குறைத்து மடித்துத் தைப்பது.

தமிழில் ‘பிடி’யை மட்டும் பாருங்கள். சளி பிடிக்கிறது, பஸ் பிடிக்கிறோம், நேரம் பிடிக்கிறது, ஆளைப் பிடிக்கிறது, பிளவுஸைப் பிடிக்கிறோம். நாம் யாராவது இதைப் பட்டியல் போட்டுப் படித்தோமா?

பாலம்_தாண்டும்_பஸ்

டீச்சர், மரத்துப்போன கையைப் பற்றி நீங்கள் சொன்னதை நேற்று இரவு கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொன்னேன். கேபினெட் அறை குளிரில் எல்லாருக்கும் விரல் மரத்துத்தான் போகும். ‘டவுன்’ பக்கம் எழுதிவிட்டேன். ‘அப்’ பக்கம் தொடங்கியிருக்கிறேன், அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கிவ் அப், பேக் அப், டேக் அப் மூன்றையும் ஒரே கோட்டின் கீழ் எழுத மனம் வரவில்லை.

செந்தூல் தங்கச்சி, நீங்கள் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. அந்தத் தாத்தாவின் இடத்தில் என் அப்பாவை நினைத்துப் பார்த்தேன்.

பழைய_ஜூருபஹாசா (கோலாலம்பூர்)

வணக்கம். கோலாலம்பூரில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றுக்கும் நடுவில் நின்று பேசுவதுதான் என் வேலையாக இருந்தது.

டீச்சர் சொன்னதோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நாம் எல்லாரும் ‘டேக்’ என்றால் ‘எடு’ என்று சின்ன வயதில் படித்துவிட்டோம், சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். ‘எடு’ அதற்குத் தூரத்துச் சொந்தம். நெருங்கிய சொந்தம் நம்முடைய ‘கொள்’. ‘இந்தப் பானை இரண்டு படி கொள்ளும்’ என்று பாட்டிகள் சொல்வார்கள். அதே இடத்தில் ஆங்கிலக்காரர் ‘டேக்’ என்பார். ஆங்கிலத்தில் டேக்குக்குப் பின்னால் ஒட்டுகிற சின்னச் சொல், தமிழில் கொள்ளுக்கு முன்னால் ஒட்டும். உள் வந்தால் உட்கொள், மேல் வந்தால் மேற்கொள், எதிர் வந்தால் எதிர்கொள். ‘டேக் பார்ட்’ பங்குகொள், ‘டேக் ஷேப்’ வடிவம் கொள். தங்கச்சியின் முதல் பதிவையே பாருங்கள். ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று தொடங்கி, ‘எடுத்துக்கொள்ளவில்லை’, ‘ஒத்துக்கொள்ள வேண்டாமா’ என்று வரிசையாக எழுதியிருக்கிறார். அவர் தமிழில் ‘டேக்’ நன்றாகவே ஓடுகிறது.

கொள் என்றால் தன் பக்கம் வருவது. அதற்கு எதிர்ப்பக்கம் நமக்கு ‘விடு’ இருக்கிறது, தன்னிடமிருந்து போவது, முடிந்து தீர்வது. ஆங்கிலத்தில் ‘டேக்’ இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறது, தமிழ் பிரித்துச் செய்கிறது. உங்கள் ‘டேக் டவுன்’ ஒரு பக்கம் ‘எழுதிக்கொள்’, மறுபக்கம் ‘அழித்துவிடு’. தலைப்பிலேயே அப்படித்தான் கேட்டிருக்கிறீர்கள்! விடையின் பாதி அதிலேயே இருக்கிறது. ‘டேக் ஆஃப்’ பெரும்பாலும் விடு: கழற்றிவிடு, உரித்துவிடு. ‘டேக் ஆன்’ கொள்: ஏற்றுக்கொள். ‘டேக் ஓவர்’ கொள்: பொறுப்பை வாங்கிக்கொள். ‘டேக் இன்’ அடைக்கலம் என்றால் சேர்த்துக்கொள், பேச்சு என்றால் புரிந்துகொள். ‘டேக் ஆஃப்டர்’ மட்டும் இதில் அடங்காது. அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்போமே, அதைத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததல்ல. ஒரு வழக்கில் சாட்சி தமிழில் பேசினார், வக்கீல் ஆங்கிலத்தில் ‘ஹி டுக் ஹிஸ் லைஃப்’ என்று கேள்வி போட்டார். இருவரைப் பற்றிய பேச்சு அது. ‘அவனுடைய உயிரை எடுத்துவிட்டான்’ என்று சொன்னால் கொலை. ‘தன் உயிரை மாய்த்துக்கொண்டான்’ என்று சொன்னால் தற்கொலை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அந்த நாலு சொல்லே போதும். நான் வாயைத் திறக்கவில்லை. எந்தப் பொருளில் கேட்கிறார் என்று தெளிவுபடுத்தச் சொல்லி நீதிபதியிடம் அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் கோர்ட்டே அமைதியாக இருந்தது. டீச்சர் சொன்னது போல, கேட்பதில் ஒரு குறைவும் இல்லை.

மலாயிலும் இது உண்டு, அங்கே நீங்கள் தடுமாறியே இருக்க மாட்டீர்கள். ‘ஜாங்கான் அம்பில் ஹாத்தி’ என்றால் மனசில் வைத்துக்கொள்ளாதே. ‘பண்டாய் அம்பில் ஹாத்தி’ என்றால் மனசைக் கவரத் தெரிந்தவன். சொல்லுக்குச் சொல் இரண்டும் இதயத்தை எடுப்பதுதான். ஒன்றில் புண்படுகிறோம், இன்னொன்றில் ஈர்க்கிறோம். ஐந்தாம் படிவம் வரை மலாயில் படித்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்றில் நாம் எல்லாருமே சறுக்குவோம். ‘பிரிங்’, ‘டேக்’ இரண்டுக்கும் மலாயில் ‘பாவா’ ஒன்றுதான். அதனால் கோலாலம்பூரில் பாதிப் பேர் ‘ஐ பிரிங் மை மதர் டு ஹாஸ்பிட்டல்’ என்கிறோம். இங்கே தமிழைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘கொண்டு வா’ பிரிங், ‘கொண்டு போ’ டேக். அந்தக் ‘கொண்டு’ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதுவும் கொள்தான்.

பாலம்_தாண்டும்_பஸ்

ஐயா, உங்கள் பதிவை இரண்டு நாளாகப் பலமுறை படித்துவிட்டேன். நோட்டில் ஒவ்வொரு ‘டேக்’குக்குப் பக்கத்திலும் ‘கொள்’ அல்லது ‘விடு’ என்று எழுதிக்கொண்டு வருகிறேன். புத்தகத்தின் இரண்டு பக்கத்தில் முக்கால்வாசி அடங்கிவிட்டது. அடங்காதது 9, அதைத் தனியாக மனப்பாடம் செய்கிறேன். 9 என்றால் முடியும்.

நேற்று இரவு நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். 3 மணிக்கு அதே இன்ஜினியரிடமிருந்து வந்தது: ‘டேக் த ஓல்டு லேபிள்ஸ் ஆஃப் த ட்ரேஸ் அண்ட் டேக் டவுன் த லாட் நம்பர்ஸ்.’ முற்றுப்புள்ளி வரை போனேன். முதல் ‘டேக்’குக்கு ‘ஆஃப்’ தள்ளி நிற்கிறது: லேபிளை உரித்துவிடு. இரண்டாவது எண்: குறித்துக்கொள். சரி என்று தட்டுகளைப் பார்த்தால், லாட் எண் (எந்தத் தொகுதிச் சரக்கு என்று காட்டும் எண்) அச்சாகியிருப்பதே அந்தப் பழைய லேபிளில்தான். அவர் எழுதிய வரிசையில் உரித்துக் குப்பையில் போட்டிருந்தால் எண்ணே இருக்காது.

உடனே எழுதினேன், ‘ஐ வில் காப்பி த நம்பர்ஸ் ஃபர்ஸ்ட், தென் ரிமூவ் த லேபிள்ஸ். கரெக்ட்?’ இரண்டு நிமிடத்தில் பதில்: ‘யெஸ், நம்பர்ஸ் ஃபர்ஸ்ட். தேங்க்ஸ் ஃபார் செக்கிங்.’ 140 தட்டு இருந்தது. எல்லா எண்ணையும் எழுதி, போட்டோவும் எடுத்து அனுப்பிவிட்டு அப்புறம்தான் உரித்தேன். ஐந்தரை மணி ஆகிவிட்டது, விரல் எல்லாம் பசை.

டீச்சர், ‘அப்’ பக்கத்தை இந்த வாரக் கடைசியில் போடுகிறேன், திருத்திக் கொடுங்கள். பஸ் வந்துவிட்டது.